பக்கத்துல அகதிகள் வரப்போறாங்கன்னு கவுன்சில் லெட்டர் வந்திருக்கு, சின்னக் குழந்தை இருக்கு, வீடு மாறணுமா?

நீங்க கேட்டத என் வார்த்தைல ஒருதடவ சொல்லிக்கிறேன் தம்பி, சரியா புரிஞ்சிருக்கான்னு பாருங்க. இங்கிலாந்து மிட்லேண்ட்ஸ்ல ஒரு சின்ன டவுன்ல வேலைல இருக்கீங்க, வந்து மூணு வருஷமாச்சு, பாப்பா இங்கதான் பிறந்தா, இப்ப ரெண்டு வயசு. கவுன்சில் அனுப்பின லெட்டர்ல மேல அகதிக் குடும்பங்களை வரவேற்கிறோம்னு இருக்கு, அதுக்குக் கீழயே கம்யூனிட்டி ஹெல்த் அண்ட் சேஃப்டின்னு ஒரு பகுதி இருக்கு, ஆபத்து இல்லாமலா இதப் போட்டிருப்பாங்கன்னு கேக்கறீங்க. கூடவே தெரு வாட்ஸப் குரூப்ல டிபி வரும், ஹோட்டல் பூரா ஆம்பளைங்கள இறக்கப் போறாங்கன்னு ஓடிட்டு இருக்கு, வீடு மாறிடலாமான்னு யோசிக்கறீங்க. லெட்டர், ஹோட்டல், வீடு மாறறது எல்லாத்தையும் தள்ளி வெச்சுப் பார்த்தா உங்க கேள்வி, இவங்க வர்றதால என் குழந்தைக்கு ஏதாவது ஆகுமாங்கிறது. அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, பெத்தவங்க கேக்கிற கேள்விதான்.

நான் திருநெல்வேலில நர்சிங் படிச்சிட்டு இங்க வந்து ரொம்ப வருஷமா கம்யூனிட்டி நர்ஸா இருக்கேன், அதுல பெரும்பகுதி டிபி கிளினிக்லயும், புதுசா வந்தவங்களுக்கு முதல் ஹெல்த் செக் பண்ற டீம்லயும்தான் போச்சு. அதனால உடம்பு விஷயத்த உறுதியா சொல்லுவேன். போலீஸ், வீட்டுச் சட்டம் இதெல்லாம் வேலையோட சேர்ந்து தெரிஞ்சுகிட்ட அளவுதான், நான் வக்கீல் இல்ல, அத அந்த அளவுலயே எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த லெட்டர்ல என்ன ஸ்கீம்னு பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. ஐநா மூலமா தேர்ந்தெடுத்து கூட்டிட்டு வர்ற குடும்பங்கன்னா, 2015-ல இருந்து சிரியாக்காரங்க 20,000 பேர கொண்டு வந்தாங்களே அந்த மாதிரி, இல்ல 2021-ல இருந்து ஆரம்பிச்ச ஆப்கான் திட்டங்கள்ல வர்றவங்கன்னா, அவங்க வந்து இறங்கும்போதே இங்க இருக்க அனுமதியோட வர்றாங்க, அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம், ஒவ்வொரு ஆளுக்கும் கவுன்சிலுக்கு மத்திய அரசு பல வருஷத்துக்குப் பிரிச்சு 20,520 பவுண்ட் குடுக்குது, அதனால உங்க கவுன்சில் டாக்ஸ்ல இருந்துதான் போகுதுங்கிற பேச்சுல பெருசா உண்மை இல்ல. உக்ரைன்காரங்கன்னா 2022 மார்ச்ல தொடங்கின திட்டம், உள்ளூர்க்காரங்க தங்களோட வீட்டுலயே தங்க வெச்சுக்கறாங்க, கவுன்சில் போய் வீட்ட செக் பண்ணும், வீட்டுக்காரங்களோட போலீஸ் ரெக்கார்டையும் பாக்கும். மூணாவது வகைதான் குரூப்ல பயமுறுத்தறது, அதாவது அடைக்கலம் கேட்டு விண்ணப்பம் போட்டுட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவங்க. அவங்கள எங்க தங்க வைக்கிறதுன்னு முடிவு பண்றது கவுன்சில் இல்ல, ஹோம் ஆபீஸும் (உள்துறை) அவங்க கான்ட்ராக்ட் குடுத்திருக்கிற கம்பெனிகளும்தான், உங்க ஏரியால செர்கோ. 2000-ல இருந்து சில ஊர்கள்ல மட்டும் நடந்த இந்த ஏற்பாட்ட 2022 ஏப்ரல்ல எல்லா கவுன்சிலுக்கும் விரிச்சுட்டாங்க, அதனாலதான் இதுவரைக்கும் இதப் பார்த்தே இராத சின்ன டவுன்கள்ல எல்லாம் இப்ப லெட்டர் வருது. நீங்க எழுதினத பார்த்தா குடும்பங்கள், வீடுகள்னு இருக்கு, ஹோட்டல்னு எங்கயும் இல்ல, அதனால முதல் வகையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு தோணுது, ஆனா ஸ்கீம் பேர பார்க்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

சரி, ஹெல்த் அண்ட் சேஃப்டின்னு ஏன் போட்டாங்க. ஆபத்து இருக்குன்னு கண்டுபிடிச்சதால இல்ல. 2013-ல இருந்து பொதுச் சுகாதாரம் கவுன்சில் கைல இருக்கு, ஒவ்வொரு பெரிய கவுன்சில்லயும் அதுக்குன்னு ஒரு டைரக்டர் உண்டு. அதுக்கும் முன்னாடி 1998 சட்டப்படி கவுன்சில், போலீஸ், ஃபயர் சர்வீஸ், ஹெல்த் எல்லாரும் சேர்ந்து உக்கார்ற கம்யூனிட்டி சேஃப்டி பார்ட்னர்ஷிப்னு ஒண்ணு எல்லா ஊர்லயும் இருக்கணும். புதுசா ஒரு பெரிய காலேஜ் ஹாஸ்டல் திறந்தாலும் இந்த டேபிளுக்கு விஷயம் வரலாம். இங்க அகதிங்கங்கிற பேர் பக்கத்துல வந்ததால அந்தத் தலைப்பு பயமா படுது, அவ்வளவுதான். கவுன்சில்காரங்களும் இத ரெண்டு வரில விளக்கியிருக்கலாம், மொட்டையா எழுதி அனுப்பி ஜனங்கள கலவரப்படுத்தறாங்கன்னு எனக்கு வருத்தம் உண்டு.

இப்ப டிபி. இதத்தான் நிறைய எழுதணும். உறுதியா தெரிஞ்சத முதல்ல சொல்றேன். டிபி பார்க் பெஞ்சுல உக்கார்றதால வராது, கதவுப் பிடியால வராது, தட்டு டம்ளரால வராது, பஸ்ல பத்து நிமிஷம் பக்கத்துல நின்னு வர்றதுங்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். நுரையீரல்ல டிபி இருந்து, அதுவும் இருமி வெளிய வர்ற நிலைமைல இருக்கிற ஒருத்தரோட மூடின ரூம்ல மணிக்கணக்கா, நாள்கணக்கா இருந்தாத்தான் பெரும்பாலும் தொத்தும், அதனாலதான் நாங்க ஒரு கேஸ் கண்டுபிடிச்சா முதல்ல வீட்டுல கூட இருக்கிறவங்களத்தான் தேடிப் போவோம், தெருவ இல்ல. சரியான மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல பெரும்பாலானவங்ககிட்ட இருந்து பரவாது, ஆறு மாசக் கோர்ஸ முழுசா முடிச்சா குணமாயிடும், இங்க டிபி ட்ரீட்மென்ட் யாருக்குமே, எந்த விசால இருந்தாலும், விசாவே இல்லாட்டியும் இலவசம். அப்புறம் உலகத்துல நாலுல ஒருத்தர் உடம்புல டிபி கிருமி தூங்கிட்டு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, அத லேட்டன்ட் டிபின்னு சொல்லுவோம், அவங்ககிட்ட இருந்து யாருக்கும் பரவவே பரவாது.

இன்னொரு உண்மையும் இருக்கு, கேக்க கஷ்டமா இருந்தாலும் சொல்லணும். இங்கிலாந்துல டிபி வர்றவங்கள்ல ஏறக்குறைய 80 சதவீதம் வெளிநாட்டுல பிறந்தவங்க, அதுல வருஷக்கணக்கா முதலிடத்துல இருக்கிறது இந்தியாவுல பிறந்தவங்க. அதாவது நீங்களும் நானும். பெரும்பாலும் வந்து பல வருஷம் கழிச்சு, சுகர் வந்த பிறகோ உடம்பு தளர்ந்த பிறகோ, தூங்கிட்டு இருந்தது முழிச்சுக்கறதுதான். ஊர்ல விசா போடும்போது அவங்க சொன்ன கிளினிக்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து சர்ட்டிஃபிகேட் வாங்கியிருப்பீங்களே, ஆறு மாசத்துக்கு மேல தங்க வர்ற இந்தியர்கள்ல பெரியவங்களுக்குப் பொதுவா அது உண்டு. ஐநா வழியா வர்ற அகதிக் குடும்பங்களுக்கும் கிளம்பறதுக்கு முன்னாடி அதே எக்ஸ்ரே, அதுக்கு மேல முழு மெடிக்கல் செக்கப்பும் நடக்குது. உங்களுக்கு நடந்ததவிட கூடுதலாவே பார்த்துத்தான் அனுப்பறாங்க. படகுல வந்து அடைக்கலம் கேக்கிறவங்களுக்கு இந்த முன் பரிசோதனை கிடையாது, அது நிஜம், அவங்கள இங்க வந்த பிறகுதான் பார்க்க முடியும், அதனாலதான் அவங்கள சீக்கிரமா ஒரு ஜிபிகிட்ட, அதாவது ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட, சேர்க்கிறது அவங்களுக்கும் முக்கியம், உங்களுக்கும் முக்கியம்.

பாப்பா விஷயத்துல நீங்க இன்னைக்கே பார்க்க வேண்டியது ரெட் புக், குழந்தைக்குப் போட்ட ஊசி எல்லாம் எழுதியிருக்கிற புத்தகம். இங்க டிபி தடுப்பூசியான பிசிஜி எல்லாக் குழந்தைக்கும் போட மாட்டாங்க, ஆனா அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ டிபி அதிகமா இருக்கிற நாட்டுல பிறந்தவங்கன்னா அந்தக் குழந்தைக்கு உண்டு, அந்தக் கணக்குல உங்க பொண்ணு வர்றா. பிறந்து ஒரு மாசம் வாக்குல கூப்பிட்டுப் போட்டிருக்கணும். நம்ம ஆளுங்க நிறைய பேர் அந்த லெட்டர கவனிக்காம விட்டுடறாங்க, இல்ல அப்ப ஊருக்குப் போயிருப்பாங்க. போடலைன்னா இப்பவும் ஜிபிகிட்டயோ, சின்னக் குழந்தைங்கள கவனிக்கிற நர்ஸான ஹெல்த் விசிட்டர்கிட்டயோ கேக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு மூளைல வர்ற டிபிதான் கொடுமையானது, பிசிஜி அதுக்கு நல்ல பாதுகாப்பு. கோடை லீவுக்கு ஊருக்குப் போய் தாத்தா பாட்டி வீட்டுல ஒரு மாசம் இருக்கிறதுல இருக்கிற வாய்ப்போட ஒப்பிட்டா, எதிர் பில்டிங்ல குடி வர்ற குடும்பத்தால வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. உங்களுக்கு 35 வயசுக்குள்ளன்னா, வந்து அஞ்சு வருஷம் ஆகலைன்னா, லேட்டன்ட் டிபிக்கு ரத்தப் பரிசோதனை உங்களுக்கே பல ஏரியால இலவசமா பண்றாங்க, அதையும் கேளுங்க.

அப்படியே எம்எம்ஆரும், அதாவது தட்டம்மைக்கான தடுப்பூசியும், பாத்துடுங்க. 2023 கடைசிலயும் 2024-லயும் பர்மிங்ஹாம் பக்கம் தட்டம்மை பரவினதுக்கு உள்ளூர்க் குழந்தைங்களுக்கே ஊசி சரியா போடாததுதான் பெரிய காரணம், அஞ்சு வயசுக்குள்ள ரெண்டு டோஸும் போட்டவங்க 95 சதவீதம் இருக்கணும், இங்கிலாந்துல 85-ஐயே தொடல. புதுசா வர்றவங்க விஷயத்துல எங்க விதி ரொம்ப எளிமை, நம்பகமான ஊசி ரெக்கார்டு கைல இல்லைன்னா போடலைன்னே வெச்சுக்கிட்டு முதல்ல இருந்து போடணும். வர்ற அம்மாக்கள்ல பெரும்பாலானவங்க குழந்தைக்கு ஊசின்னா சந்தோஷமா வரிசைல நிக்கறாங்க, போலியோவும் தட்டம்மையும் என்ன பண்ணும்னு கண்ணால பார்த்தவங்க அவங்க.

தொத்து வியாதி பரவின சம்பவமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2022 இலையுதிர் காலத்துல கென்ட்ல, படகுல வந்தவங்கள முதல்ல வைக்கிற மேன்ஸ்டன்ங்கிற இடத்துல டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) வந்துச்சு, ஒருத்தர் இறந்தும் போனார். ஆனா அந்த இடத்தோட கதையையும் பாக்கணும். 1,600 பேர, அதுவும் ஒரு நாள் மட்டும் வெச்சு அனுப்பறதுக்குன்னு இருந்த இடத்துல அக்டோபர் கடைசில 4,000 பேர் கிட்ட அடைச்சு வெச்சிருந்தாங்க, வாரக்கணக்குல. அப்புறம்தான் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக், ஊசின்னு ஆரம்பிச்சாங்க. வெளிய இருக்கிற பொதுமக்களுக்கு ஆபத்து மிகக் குறைவுன்னு சுகாதாரத்துறை அப்பவே சொன்னதுக்குக் காரணம், இங்க குழந்தைங்களுக்கு ரெண்டு மாசத்துலயே டிப்தீரியா ஊசி ஆரம்பிச்சுடறாங்க. அடுத்த வருஷம் 2023 ஆகஸ்ட்ல டார்செட்ல போர்ட்லாண்ட் துறைமுகத்துல பிபி ஸ்டாக்ஹோம்ங்கிற மிதக்கும் தங்குமிடத்துல 39 பேர ஏத்தினாங்க, ஒரு வாரம் கூட ஆகல, குழாய்த் தண்ணில லீஜியனெல்லா கிருமி இருக்குன்னு அத்தனை பேரையும் இறக்கினாங்க. லீஜியனெல்லா மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்குப் பரவாது, அது பைப்புல இருந்து வர்றது. அந்த மனுஷங்க கொண்டு வந்த வியாதி இல்ல, நாம குடுத்த இடத்துல இருந்தது. தமிழங்களுக்கு இது புதுசும் இல்ல, 1987-ல ஹார்விச்ல எர்ல் வில்லியம்ங்கிற பழைய ஃபெர்ரில அடைச்சு வெச்சிருந்தவங்கள்ல பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள்தான், அந்த அக்டோபர்ல அடிச்ச பெரிய புயல்ல கயிறு அறுந்து கப்பல் ஆளோட அலைஞ்சிருக்கு. இன்னைக்கு லண்டன்ல டூட்டிங்லயும் ஈஸ்ட்ஹாம்லயும் ஹாரோலயும் நாம போய் சாமான் வாங்கற கடைகளுக்குப் பின்னாடி இப்படி வந்த குடும்பங்க எத்தனையோ இருக்கு.

அதனால என் அனுபவத்துல நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: நெருக்கடியான இடம், தள்ளிப்போட்ட வைத்தியம், இது ரெண்டும்தான் வியாதிய வளர்க்குது. முதல் ஹெல்த் செக்ல நாங்க பார்க்கிறது பெரும்பாலும் சொத்தைப் பல்லு, வழில நின்னுபோன சுகர் பிரஷர் மாத்திரை, இடநெருக்கடில வர்ற சொறி சிரங்கு, ரத்தசோகை, அப்புறம் தூக்கம். தூக்கம் வராததப் பத்தி பத்துல எட்டு பேராவது பேசுவாங்கன்னுதான் சொல்லத் தோணுது, இது நான் பார்த்ததுல இருந்து சொல்றது, ஆய்வுக் கணக்கு இல்ல. மாசமா இருக்கிற பொண்ணுங்கள கடைசி நேரத்துல வேற ஊருக்கு மாத்திடறாங்க, ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு ஊர்ல, ஆள் ஒரு ஊர்ல. சமைச்சுச் சாப்பிடற வீட்டுல இருக்கிற அடைக்கல விண்ணப்பதாரருக்கு 2024 ஜனவரில வாரம் 49.18 பவுண்ட்னு நிர்ணயிச்சாங்க, வேலை செய்யவும் பொதுவா அனுமதி இல்ல, அதுல பஸ் ஏறி டென்டிஸ்ட் தேடிப் போகணும். இதெல்லாம் பார்க்கும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

ஜிபில சேர அட்ரஸ் ப்ரூஃப், பாஸ்போர்ட் எதுவும் கட்டாயம் இல்ல, விசாவ காட்டச் சொல்லி மறுக்க முடியாது, இது இங்கிலாந்துல எழுதப்பட்ட விதி. ஆனா ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்கே பல இடத்துல தெரியறதில்ல, நான் போய் பேசி சேர்த்துவிட்ட ஆளுங்க நிறைய. ஒரு ஊர் உண்மைலயே வரவேற்குதா இல்லையாங்கிறத நான் பேனர்ல பார்க்க மாட்டேன், வந்த முதல் ரெண்டு வாரத்துல எத்தனை பேர் ஜிபில சேர்ந்தாங்கங்கிறதுல பார்ப்பேன். வரவேற்பும் சுகாதாரமும் அந்த லெட்டர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கிறது சரியானதுதான், ரெண்டும் ஒரே வேலை.

பாதுகாப்பு விஷயம். இங்க நான் கொஞ்சம் நிதானமாத்தான் பேசணும். அகதியா வந்தவங்க யாரும் தப்பே பண்ண மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், 2025-ல எப்பிங்ல ஹோட்டல்ல தங்கியிருந்த ஒருத்தர் ஒரு சின்னப் பொண்ணுகிட்ட தவறா நடந்தது கோர்ட்ல நிரூபணமாகி ஜெயிலுக்குப் போனார், அந்தக் குடும்பத்தோட வேதனைய யாரும் சின்னதாக்கக் கூடாது. ஆனா அதுல இருந்து உங்க தெருவுக்கு ஒரு முடிவுக்கு வர முடியாது. அடைக்கல விண்ணப்பதாரர்னு தனியா பிரிச்ச குற்றக் கணக்க அரசு வழக்கமா வெளியிடறதில்ல, அதனால குரூப்ல வர்ற சதவீதங்கள நம்பாதீங்க, அதிகம்னு வந்தாலும் சரி, இல்லவே இல்லைன்னு வந்தாலும் சரி. உறுதியா தெரிஞ்சது என்னன்னா, வதந்தி என்ன பண்ணும்ங்கிறது. 2024 ஜூலை 29 சவுத்போர்ட்ல மூணு பெண் குழந்தைங்க கொல்லப்பட்டாங்க, செஞ்சவன் படகுல வந்த அகதின்னு மணிக்கணக்குல பரப்பினாங்க, ஆனா அவன் கார்டிஃப்ல பிறந்தவன். ஒரு வாரத்துக்குள்ள ராதரம்ல ஆள் இருக்கிற ஹோட்டலுக்குத் தீ வெக்கப் பார்த்தாங்க, மிடில்ஸ்பரோல கார நிறுத்தி உள்ள இருக்கிறவன் வெள்ளைக்காரனான்னு கேட்டாங்க, சண்டர்லேண்ட்ல டூட்டிக்குப் போயிட்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸுங்கள தாக்கினாங்க. அந்த வாரம் எங்க டீம்ல நைட் ஷிஃப்டுக்குத் தனியா போக வேண்டாம்னு சொன்னாங்க. கல்லெறியறவன் உங்க விசா ஸ்கில்டு வொர்க்கரா, அகதியான்னு கேக்க மாட்டான் தம்பி. உங்க பொண்ணு பாதுகாப்புக்கு அந்த வாட்ஸப் குரூப்ல ஓடற பேச்சுதான் எனக்குப் பெரிய கவலையா படுது.

வர்றவங்களோட பாதுகாப்பையும் சேர்த்துத்தான் லெட்டர்ல அந்த ஹெல்த் அண்ட் சேஃப்டி தலைப்பு. பெத்தவங்க இல்லாம வந்த பசங்கள ஹோட்டல்ல வெச்சாங்க 2021-ல இருந்து, 2023 ஜனவரில 200 பேர் எங்க போனாங்கன்னே தெரியலைன்னு அமைச்சரே பார்லிமென்ட்ல ஒத்துக்கிட்டார், அந்த ஜூலைல அப்படி வழக்கமா வைக்கிறது சட்டவிரோதம்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு. கடத்தல்காரங்களுக்கு வேட்டைக்காடு மாதிரி ஆயிடுச்சு அந்த ஹோட்டல்கள். இதெல்லாம் நடக்காம பார்த்துக்கறதும் கவுன்சில் வேலைதான்.

அதனால கவுன்சில் மீட்டிங் வெச்சாங்கன்னா கண்டிப்பா போங்க, கைய கட்டிக்கிட்டு உக்காராம கேளுங்க. எந்த ஸ்கீம், குடும்பங்களா தனி ஆட்களா, எந்த ஜிபில சேர்க்கப் போறாங்க, அந்த ஜிபிக்கு அதுக்குன்னு கூடுதல் பணமோ நர்ஸோ வருதா, இல்ல ஏற்கனவே அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம இருக்கிற இடத்துலயே போட்டுடுவாங்களா, ஸ்கூல்ல இடம் இருக்கா, பல குடும்பம் பகிர்ந்துக்கிற வீடுன்னா ஃபயர் கதவும் லைசென்ஸும் பார்த்தாச்சா, ஏதாவது பிரச்சனைன்னா தெருக்காரங்க யார்கிட்ட பேசணும். இந்தக் கேள்விக்கெல்லாம் நியாயமான பதில் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, இதக் கேக்கிறதால யாரும் உங்கள இனவெறியாளர்னு சொல்ல முடியாது. ஜிபில கூட்டம் அதிகமாகும்ங்கிறது நிஜமான கவலை, ஆறு குடும்பத்துக்குப் பெருசா தெரியாது, 200 பேருக்குத் தெரியும், அத முன்னாடியே கேட்டு வெச்சாத்தான் ஏற்பாடு நடக்கும்.

வீடு மாறறதப் பத்தி கேட்டீங்க. ஹெல்த் காரணத்துக்காகன்னா வேண்டாம், அத நான் உறுதியாவே சொல்லுவேன், என் சொந்தப் பேரக்குழந்தை அந்த வீட்டுல இருந்தாலும் இதேதான் சொல்லுவேன். பாதுகாப்புக்குன்னா, ரெண்டு மூணு மாசம் இருந்து பாருங்க, உங்க தெருவுக்கு யார் வர்றாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும், ஹெல்த் மாதிரி அதுக்கு நான் இங்க இருந்துகிட்டு உத்தரவாதம் குடுக்க முடியாது. உங்க மனைவி பகல்ல பாப்பாவோட தனியா இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, லைப்ரரிலயோ சர்ச் ஹால்லயோ நடக்கிற குழந்தைங்க ப்ளே குரூப்புக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, புதுசா வர்ற அம்மாக்களும் அங்கதான் வருவாங்க. அப்புறம் அந்த லெட்டர்ல ஸ்கீம் பேர் எங்கயாவது இருந்தா உங்க பேர் அட்ரஸ மறைச்சுட்டு இங்க போடுங்க, அந்தத் திட்டத்துல என்னென்ன டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறாங்கன்னு தனியா எழுதறேன்.